அடைத்த கதவும் துறவும்

மாதக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதற்கு ஜப்பானில் ‘ஹிகிகோமோரி’ என்று பெயர். வேலை, படிப்பு, நட்பு எல்லாவற்றையும் விட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஒதுங்குவதை அது குறிக்கும். மனநல மருத்துவர் தமாகி சைதோ 1998-ல் எழுதிய நூல் அச்சொல்லைப் பரப்பியது. அந்நாட்டு அரசு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 64 வயதுக்குள் சுமார் 14.6 லட்சம் பேர் அப்படி இருக்கிறார்கள்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இதற்குத் தனிச்சொல் கிடையாது. “ரூமை விட்டே வரமாட்டேங்கிறான்” என்பார்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவோர் நிறைந்த தெருக்களில், சாத்திய கதவு யார் கண்ணையும் உறுத்துவதில்லை. நாளானால் “சாமியாராட்டம் ஆயிட்டான்” என்று சொல்லி வீடு ஆறிக்கொள்ளும். ஒதுங்குவதை மதிக்கும் மரபில் இந்த ஆறுதல் சுலபமாகக் கிடைக்கிறது. அது சரியா என்பதுதான் கேள்வி.

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்த 16 வயது வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்), கோயிலின் பாதாள லிங்கக் குழியில் பூச்சிகள் தொடையை அரித்ததுகூட உறைக்காமல் உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை, குளியலில்லை, யாராவது ஊட்டினால்தான் சோறு. ஆறு மாதக் கணக்கை வைத்து அளந்திருந்தால் ரமணரும் நோயாளிதான். வேறுபாடு போகப் போகத்தான் தெரிந்தது. 1898-ல் அழைத்தும் வராத மகனோடு, 1916-ல் தாய் அழகம்மாள் தானே வந்து தங்கினார். அந்த மகன் பின்னாளில் விடியுமுன் ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கினார். தேடி வந்தவர்களோடு பேசினார். குழியில் இருந்த நாட்களிலும் அவரைக் கல்லெறியும் சிறுவர்களிடமிருந்து காக்கத் துறவி சேஷாத்ரி சுவாமிகள் இருந்தார்.

துறவி தானாக விடுகிறார், நோயாளியிடமிருந்து பிடுங்கப்படுகிறது. மனச்சோர்வில் எதிலும் ருசி வற்றிப்போகும். மனச்சிதைவில், காதில் குரல் கேட்கத் தொடங்குமுன்பே ஆள் ஒதுங்கிவிடலாம். சமூக அச்சத்தில் ஆசை அப்படியே இருக்கும், வாசற்படி தாண்டத்தான் கால் வராது. தாண்டாத ஒவ்வொரு நாளும் அச்சத்தைக் கூட்டும்.

பக்தி மரபு ஒதுங்கலை மட்டும் கற்றுத்தரவில்லை. பிரியமாட்டேன் என்ற வாக்கை மீறி, திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாரைப் பிரிந்து பார்வை இழந்த சுந்தரர், அடுத்து வந்து பாடிய தலம் ஆவடியை ஒட்டிய வடதிருமுல்லைவாயில் என்கிறது பெரியபுராணம். தன் பிழையைத் தானே சொல்லி, முறையிட்டபடி ஊர் ஊராக நடந்தார் அவர். மூலையில் உட்கார்ந்துவிட அவரைவிட நியாயம் உள்ளவர் யார்?

தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. மருந்தோ தனிச் சடங்கோ இல்லாமலே, சில வாரங்களில் நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே ஒவ்வொருவருடனும் வீட்டு ஆள் ஒருவர் தங்கியிருந்தார். அதற்காக மருந்தை நிறுத்திக் கோயிலில் கொண்டுபோய் விடுவது ஆபத்து.

மனச்சிதைவுக்கென்றே மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ‘ஸ்கார்ப்’ நிறுவனம், அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே, அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது. வீட்டில் ஒரு கதவு நெடுநாளாகச் சாத்தியிருந்தால், வீட்டாரே அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண்ணான 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.