தாய்ப் பறவையைத் தவிக்க விடாதீர்



மேட்டுப்பாளையத்தில் சுப்ஹுத் தொழுதுவிட்டு வெளியே வந்தால் நீலமலை எதிரே நிற்கும். 1899-ல் ஓடத் தொடங்கிய மலை ரயில் எங்களூரிலிருந்துதான் அதன்மேல் ஏறுகிறது. சென்ற கோடையில் நானும் என் மகனும் அங்கே ஒரு பறவையைக் காணப் போனோம்.

நீலகிரி சோலைச்சிட்டன் என்பது அதன் பெயர். முதுகும் மார்பும் கருநீலம், விலாவில் செம்பழுப்பு, வயிற்றில் வெண்மை. ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வதுபோல், இது பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கேயுள்ள நம் மலைச் சோலைகளில் மட்டுமே வாழ்கிறது. சோலைகளை அழித்துத் தேயிலையும் தைல மரமும் சீகையும் நட்டார்கள். அதனால் அழியும் ஆபத்திலுள்ள பறவைகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

விடியும் நேரம். புதருக்குள்ளிருந்து குரல் மட்டும் கேட்டது. அரை மணி நேரமாயிற்று.

"அத்தா, இதன் பாட்டு போனில் இருக்கிறது. போட்டால் வெளியே வந்துவிடும்" என்றான் மகன்.

வரும், உண்மைதான். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதென்று பதறி வரும். கூட்டை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

அபூதாவூதில் வரும் ஹதீஸ் ஒன்றை அவனுக்குச் சொன்னேன். ஒரு பிரயாணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியவர் யார் என வினவினார்கள். அவற்றைத் திரும்ப விடுமாறு பணித்தார்கள்.

குஞ்சை எடுப்பது மட்டுமா வருத்துவது? பொய்க்குரல் காட்டித் தாயை அலைக்கழிப்பதும் வருத்துவதுதானே! ஒரு வாயற்ற ஜீவனை ஏமாற்றிப் பெறும் படம் நமக்கு எதற்கு?

மகன் போனைப் பைக்குள் வைத்தான். பேசாமல் காத்திருந்தோம். வெயில் படாத தரையில் ஒரு நீல உருவம் இரண்டு முறை தத்தியது, மறைந்தது. அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ், மனம் நிறைந்துவிட்டது.

சிறகு விரித்த பறவைகளும் தத்தம் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருக்கின்றன என்று திருமறையின் அந்நூர் அத்தியாயம் அறிவிக்கிறது. தொழுபவரின் குறுக்கே நடக்க நாம் அஞ்சுகிறோம். அந்தப் புதரின் முன்னும் அதே அச்சம் வேண்டாமா?

சகோதரர்களே! அச்சோலைகள் தேக்கிவைக்கும் நீர் ஓடைகளாக இறங்கிப் பவானியில் சேர்கிறது. நாம் ஒளுச் செய்யும் தண்ணீரில் அவற்றுக்கும் பங்குண்டு. விடுமுறைக்கு மலையேறும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கிளையை ஒடிக்காமல், கூட்டை நெருங்காமல், விருந்தாளியாகப் போய்த் திரும்புங்கள்.

படைப்புகளிடம் இரக்கம் காட்டும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.