விளக்கை எங்கே வைப்பீர்கள்?



மலைப்பொழிவிலே நம் ஆண்டவர் விளக்கைப் பற்றிப் பேசுகின்றார். கவனித்துப் பாருங்கள்: விளக்கை எப்படி ஏற்றுவது என்று அவர் கற்பிக்கவில்லை. ஏற்றிய விளக்கை எங்கே வைப்பது என்பதே அவருடைய கேள்வி. மரக்காலின் கீழா, தண்டின் மேலா? வீட்டிலுள்ள யாவருக்கும் வெளிச்சம் எட்டும் இடமே விளக்குக்குரிய இடம் என்கின்றார்.

அறிவும் ஒரு விளக்கே. வன்னி மண்ணிலே அவ்விளக்குகளுக்குக் குறைவில்லை. குளத்து நீரை வாய்க்கால் வழியே வயல் வயலாகப் பங்கிடத் தெரிந்த கமக்காரர், மூலிகையின் பெயரும் குணமும் அறிந்த பரியாரியார், கூத்துப் பாடல்களை விடிய விடிய மனப்பாடமாகப் பாடவல்ல அண்ணாவியார், கணிதத்தை எளிதாக்கிக் காட்டும் ஆசிரியர் என எத்தனை பேர்! ஆயினும் இவ்விளக்குகளுள் பல அவரவர் வீட்டோடு நின்றுவிடுகின்றன. அவர் கண்மூடும் நாளில் அவரோடு அணைந்தும் விடுகின்றன.

2008, 2009 ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்த மக்களுக்கு உயிரைக் காப்பதே பெரும்பாடாயிற்று. கொப்பிகளையும் ஏடுகளையும் காப்பது எங்ஙனம்? றங்குப் பெட்டிகளை மண்ணிலே புதைத்துவிட்டுச் சென்றவர்களும் உண்டு. அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இன்று, கையிலே தொலைபேசியும் வீட்டிலே மின்சாரமும் இருக்க, தாம் அறிந்ததைத் தமக்குள்ளேயே புதைத்து வைப்பவர் என்ன சாட்டுச் சொல்லக் கூடும்? தாலந்தை நிலத்திலே புதைத்த ஊழியனும் அதைத் தொலைத்துவிடவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்தான். அதற்காகவே கண்டிக்கப்பட்டான்.

ஓரிடத்திலே மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எம்மினம் அனுபவித்து அறிந்திருக்கின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. இதற்கு எதிரான சான்றும் உண்டு. அன்றிக்கு அடிகளார் தமிழிலே தந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586 இல் வெளியாயிற்று. முன்னையதன் பிரதி அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலும், பின்னையதன் பிரதி வத்திக்கான் நூலகத்திலும் பிழைத்திருந்தன. ஐரோப்பிய நூலகங்களிலே இத்தகைய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடிக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் எம் தனிநாயகம் அடிகளாரே. பல இடங்களிலே பரந்தது பிழைக்கும் என்பதே இதன் பாடம்.

இன்று அப்படிப் பரப்புவதற்குக் கப்பலும் வேண்டாம், அச்சகமும் வேண்டாம். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்திலே தருகின்றது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலே எவரும் எழுதலாம், எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2005 இல் ஈழத்து இளைஞர்களின் முயற்சியால் உருவான ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் எம்மவரின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக் கணக்கிலே சேர்த்து வைத்திருக்கின்றது. அவற்றை வாசிக்கக் கட்டணமில்லை.

“நானும் முகநூலிலே போடுகின்றேனே!” என்பீர்கள். நல்லது, ஆனால் அது சந்தையிலே கூவுவதைப் போன்றது. அன்று கேட்டவருக்குப் பயன்படும். அடுத்த ஆண்டு தேடி வருபவருக்கு அது அகப்படுமா? கணக்கு மூடப்பட்டால் என்னாகும்? ஜியோசிற்றிஸ் என்ற தளத்தை அதன் உரிமையாளர்கள் 2009 ஒக்டோபரிலே மூடினர். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலே மூடப்பட்டது. அங்கு எழுதியோரின் உழைப்பிலே எவ்வளவோ மறைந்தது. தீயின்றியே ஒரு நூலகம் அழியலாம். சந்தையிலே கூவுங்கள், ஆனால் நெல்லைக் களஞ்சியத்திலும் சேருங்கள்.

எந்த மொழியிலே வைப்பது என்பதும் இடத்தைத் தெரிவதே. தமிழரின் பெருமையை உலகறிஞர் அறிய வேண்டுமென்று தனிநாயகம் அடிகளார் 1952 இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற சஞ்சிகையை ஆங்கிலத்திலே தொடங்கினார். அந்நோக்கத்துக்கு அதுவே தண்டு. ஆனால் 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னியைப் பற்றி எழுதிய விரிவான நூலும் ஆங்கிலத்திலேயே கொழும்பில் அச்சாயிற்று. தம் ஊரைப் பற்றி அதிலே எழுதியிருந்ததை அன்றைய வன்னிக் கமக்காரருள் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? யாருக்கு வெளிச்சம் தேவையோ, அவர் இருக்கும் அறையிலே விளக்கை வையுங்கள்.

“இலவசமாகக் கொடுத்தால் என் பிழைப்பு என்னாவது?” என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலையாளுக்குக் கூலி உண்டு என்று ஆண்டவரே ஏற்றுக்கொண்டார். வகுப்பிலே செலவிடும் நேரத்துக்குக் கூலி பெறுங்கள். ஆனால் எழுதி முடித்த குறிப்பை, துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வகுப்புக்குக் காசில்லாத கூலித் தொழிலாளியின் பிள்ளை வாசிப்பதால் உங்கள் அறிவிலே எது குறையும்? ஒரு மூடை நெல்லைக் கொடுத்தால் ஒரு மூடை குறையும். பாஸ்கா இரவிலே பாஸ்காத் திரியிலிருந்து கோவில் நிறைந்த மக்கள் தத்தம் திரிகளை ஏற்றிக்கொள்கின்றனர். பாஸ்காத் திரியின் சுடர் குன்றியதுண்டா?

ஓர் எச்சரிக்கை. பிறர் எழுதிய நூலை அவர் அனுமதியின்றி வழங்குவது தானமாகாது. பிறருடைய துயரத்தையும் மானத்தையும் படமாக்கிப் பரப்புவது அறிவுப் பகிர்வுமாகாது. உம்முடையதைக் கொடும்.

ஆதலின், இளைஞர்களே! இவ்வாரம் உங்கள் ஊரின் முதியவர் ஒருவரிடம் சென்று, அவர் சம்மதத்தோடு அவர் அறிந்ததைப் பதிவுசெய்யுங்கள். ஊரையும் ஆண்டையும் குறித்து, தேடுபவர் காணக்கூடிய இடத்திலே வையுங்கள். ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் வையுங்கள். ஆசிரியர்களே! பழைய கொப்பிகளைத் தூசி தட்டி எடுங்கள். நாம் பெற்ற அறிவிலே பெரும்பகுதி விலை கொடாமலே பெற்றதன்றோ? விலையின்றிப் பெற்றதை விலையின்றிக் கொடுக்கும் மனத்தையும், அதை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ளும் ஞானத்தையும் இறைவன் எமக்கு அருள்வாராக!