நிலத்தையும் கொல்லாமை

ஆரணியில் நெய்யும் ஒரு பட்டுப்புடவைக்குப் பல ஆயிரம் பட்டுக்கூடுகள் வேண்டும். பட்டுப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் இழை அறுந்துபோகும். அதனால் உள்ளே உயிர் இருக்கும்போதே ஆவியிலோ வெப்பக்காற்றிலோ அதைக் கொன்று, கூட்டை வெந்நீரில் இட்டு நூல் எடுக்கிறார்கள். இந்தக் காரணத்துக்காகவும் காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டு உடுத்த வேண்டாமென்று வலியுறுத்தி வந்தார். ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். எனவே இது இந்த வட்டாரத்தின் பழைய கேள்வி. ஆனால் கேட்கும்போதெல்லாம் 'கொன்றோமா, இல்லையா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அது போதாது. ஓர் உயிரை அது வாழும் இடத்திலிருந்து பிரிப்பதும், அந்த இடத்தைக் கெடுப்பதும் கொலைதான் என்பது என் வாதம். இதற்கு மிகத் தெளிவான சான்று, நமக்கு வெகுதொலைவில், ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் பாலைகளில் இருக்கிறது.

நமீபியாவின் கடலோரமாக நீளும் நமீப் பாலைவனத்தில் மழை அநேகமாக இல்லை. பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டத்தின் மேல் உருவாகிக் கரையேறும் மூடுபனிதான் அங்கே தண்ணீர். ஒருவகை வண்டு மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்திக் காற்றுக்கு எதிரே நிற்கும். முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு வாய்க்கு வழியும். அதே பாலையில் வளரும் வெல்விட்சியா ஆயுள் முழுவதையும் இரண்டே இலைகளோடு கழிக்கிறது; ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை அவற்றில் உண்டு. பனியைச் சொல்லாமல் அந்த வண்டு நிற்கும் கோலத்தை யாராலும் விளக்க முடியாது. அதன் உடலில் பாதி கடலில் இருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மரத்தையும் விலங்கையும் புள்ளையும் கருப்பொருளாக அதற்குப் பின்னே வைத்தது. செய்யுளுக்காக வகுத்த அந்த வரிசை உயிர்களின் உண்மை நிலைக்கும் பொருந்துகிறது. அந்த வரிசையைக் குலைப்பதும் நடக்கிறது: தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு வறண்ட பகுதியில் கூழாங்கல்லைப் போலவே தோன்றும் சதைப்பற்றுச் செடிகளைத் தோண்டி எடுத்து வெளிநாடுகளுக்குக் கடத்துகிறார்கள். அவற்றுள் சில இனங்கள் ஏதோ ஒரு குன்றின் சரிவில் மட்டுமே வளர்பவை. வாங்கியவர் ஜன்னலோரத் தொட்டியில் வைத்து அக்கறையோடு வளர்க்கலாம். செடி பல ஆண்டுகள் உயிரோடும் இருக்கலாம். ஆனால் அதன் பூவை அறிந்த பூச்சி அங்கே இல்லை, விதை விழ வேண்டிய சரிவும் இல்லை. தோண்டிய அன்றே அந்தச் செடியின் சந்ததி அறுந்துவிட்டது.

மணலுக்கும் சேற்றுக்கும் உயிர் உண்டா, அவற்றுக்கு எப்படிக் கொடுமை செய்ய முடியும் என்று கேட்கலாம். மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்பது சமணர் விடை. அதை ஏற்காதவருக்குப் பிச்சாவரத்துக் கண்டல் காடு போதும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் வளரும் வெண்கண்டல் பிச்சாவரத்திலும் வளர்கிறது. இங்கே முன்பு பகுதி பகுதியாகக் கண்டல் காட்டை மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறியது. அதன்பின் கோடரியே தேவைப்படவில்லை. தானாக எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தபின்தான் நட்ட கன்றுகள் பிடித்தன. மரத்தைக் காப்பாற்ற முதலில் சேற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இப்போது பட்டுப்புழுவுக்கு வருவோம். போளூர் வட்டாரத்துத் திருமலையில் பாறையில் செதுக்கிய பெரிய நேமிநாதர் இருக்கிறார்; சமணத் தீர்த்தங்கரர்களுள் ஒருவர். தம் திருமண விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டவர் அவர். அடைபட்ட மானைத் திறந்துவிட்டால் அதற்குப் போகக் காடு இருக்கிறது. பட்டுப்புழுவுக்கு அது இல்லை. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதன் வளர்த்ததில் அதன் பூச்சி பறக்கும் திறனை இழந்துவிட்டது. புழு தானாக இலை தேடிப் போவதும் இல்லை. கூட்டிலிருந்து பூச்சியை வெளியேறவிட்டு நூல் எடுக்கும் 'அகிம்சைப் பட்டு' முறையைக் குசுமா ராஜையா என்பவர் பரப்பினார். அந்த நோக்கத்தை மதிக்கிறேன். எனினும் வெளியேறும் ஒவ்வொரு பெண்பூச்சியும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிக்கும் புழுக்கள் அத்தனைக்கும் மல்பெரி இலை போடாவிட்டால் அவை பட்டினியில் சாகும். வெல்விட்சியாவுக்கு நாம் ஒதுங்கி நின்றாலே போதும். இந்தப் புழுவுக்கு ஒதுங்குவதே கொலையாகிவிடும். அதன் பாலையும் காடும் நாமே.

இயற்கையே கடலைப் பாலையாகவும் பாலையைக் கடலாகவும் மாற்றவில்லையா என்பாரும் உண்டு. மாற்றுகிறது, ஆனால் உயிர்கள் பழகிக்கொள்ளப் பெரும்பாலும் பல இலட்சம் ஆண்டுகள் தருகிறது. அப்படித் தராத இடங்களில் அது செய்வது நமக்கு அனுமதியும் ஆகாது. இன்னொரு மறுப்பு கனமானது: தறியை நம்பிய குடும்பங்களின் சோறு. பட்டே வேண்டாமென்று ஒரே நாளில் ஒதுக்கினால் முதலில் நசுங்குவது நெசவாளிதான். புடவை வாங்கும் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே பட்டு உயிர்க்கொலையில் விளைவது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, பீரோவில் அடுக்குவதற்காக வாங்குவதைக் குறைத்து, வாங்கும் ஒன்றுக்கு நெசவாளிக்கு முழுக்கூலி போய்ச் சேரும்படி வாங்குவதே இன்றைக்கு நேர்மையான வழி என்று நினைக்கிறேன். புழுவுக்காக மனம் நோகும் ஆரணிக்காரர்களிடமும் வாங்க வருவோரிடமும் ஒரு வேண்டுகோள்: கமண்டல நாகநதியையும் ஊர் ஏரிகளையும் அதே மனத்தோடு பாருங்கள். பட்டுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று கடையில் கேளுங்கள்.