பாதி டம்ளர் டீ

கூட்டத்துக்குச் சாயங்காலம் ஏழு மணியை யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறது. வேலை முடிந்து கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் பொழுது ஏழுதான். அதை ஒரு பள்ளிக்கூட அறை எடுத்துக்கொள்கிறது. மாதா கோயிலுக்குப் பின்னால், நான்காம் வகுப்பு. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு என்பதால் பெரியவர்களுக்கு முழங்கால் இடிக்கும்.

இடத்தைச் சொன்னவர் ஆஸ்பத்திரி நர்ஸ். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் இந்த அறை. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கும் வீடுகளில் இது பலருக்குத் தெரிவதில்லை.

*

“தெரிஞ்சவங்க யாராவது உள்ள இருந்தா என்னக்கா பண்றது?” என்றான் தம்பி, வாசலில்.

“இருந்தா, அவங்களும் அதுக்குத்தானடா வந்திருப்பாங்க.”

உள்ளே பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பது இந்தக் கூட்டத்தை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் உலகம் முழுக்க வைத்திருக்கும் வழக்கம். அன்று குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம். மற்ற நாட்களில் எனக்கு வெளியே வேப்பமரத்தடிதான்.

அங்கே கேட்டவற்றை எழுதப்போவதில்லை. அவை அந்த அறையோடு நிற்க வேண்டியவை. பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்லலாம். டீ ஊற்றியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். எல்லோருக்கும் டம்ளர் நிறைய ஊற்றியவர், தம்பிக்கு மட்டும் பாதி ஊற்றினார். அவன் குடித்து முடித்ததும் வந்து இன்னொரு பாதி. கை நடுக்கத்தில் சிந்திவிடக் கூடாதே என்று. அவன் கையை அவர் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நடுக்கம் ஒரு காலத்தில் அவர் கையிலும் இருந்திருக்க வேண்டும்.

“வாங்க தம்பி, உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம்” என்றார். உபசார வார்த்தை என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

*

அந்த வார்த்தைக்குப் பொருள் இந்த இயக்கம் பிறந்த கதையில் இருக்கிறது. 1935 மே மாதம். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் பார்த்த பில் வில்சன், ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். வந்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்திலேயே பார். அங்கே போகாமல் தொலைபேசியை எடுத்து ஊர்ப் பாதிரியார்களைக் கூப்பிடத் தொடங்கினார். ஆறுதல் கேட்க அல்ல. குடியை விட முடியாமல் தவிக்கும் இன்னொருவர் இந்த ஊரில் உண்டா, அவரோடு நான் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்தவர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் ஜூன் 10-ஐ இயக்கம் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டது.

யார் யாருக்கு உதவினார் என்று இதில் கணக்குப் பார்க்க முடியாது. புதிதாக வருபவர், எல்லோருக்கும் பாரமாகிவிட்டோம் என்று கூனிக்குறுகித்தான் படியேறுகிறார். ஆனால் இருபது வருடம் தொடாமல் இருப்பவருக்கு அவர் தேவைப்படுகிறார். பழைய நடுக்கத்தை எதிரில் பார்க்க, தன் கதையை மறுபடி சொல்ல, சொல்லும்போது தானே கேட்டுக்கொள்ள. டாக்டரால் இதைச் சீட்டில் எழுதித் தர முடியாது. தம்பி அன்று வாயே திறக்கவில்லை. வந்து உட்கார்ந்ததே அவர்களுக்கு ஒரு கொடை என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டான்.

*

ஒரு நெருடலும் உண்டு. கூட்டம் முடியும்போது பிரார்த்தனை. தம்பி கறுப்புச் சட்டைக்காரன், அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அவரவர் புரிந்துகொண்டபடி கடவுள் என்கிறார்கள், சிலர் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்களாம். அவன் பேசாமல் நின்றான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கூட்டங்கள் பலன் தரும் என்பது பக்திக்காரர்களின் நம்பிக்கை மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஆட்களை இந்தக் குழுக்களோடு சேர்த்துவிடும் முறைப்படுத்திய சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சைகளைவிட மேலாக இருப்பதாகச் சொன்னது.

*

டீ ஊற்றியவரின் மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “நீங்க எப்ப வர்றீங்க?”

“நானா? நான் குடிக்கிறதில்லையேம்மா.”

“நானுந்தான் குடிக்கல” என்று சிரித்தார். வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கூட்டம் உண்டு, அல்-அனான். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கியது. இங்கே சனிக்கிழமை, பக்கத்து அறையில்.

தம்பியின் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதும், அவன் உள்ளே வரும்போது மோந்து பார்ப்பதும், வந்த பிறகும் தூங்காமல் கிடப்பதும் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தபடி, சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்களாம்.