மூன்று அட்டை

மருந்துக்கடைப் பையன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். கடைசி இரண்டு மாத்திரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த அட்டை. கிழிந்த தாளில் பெயர் பாதிதான் மிஞ்சியிருந்தது. உதட்டுக்குள்ளேயே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இமிப்பிரமின்... இது ரெண்டு மாசமா வரலியே அண்ணாச்சி. ஸ்டாக்கிஸ்ட்டே கைய விரிச்சிட்டாரு. டாக்டர்ட்ட சொல்லி வேற எழுதி வாங்கிக்கிடுங்க" என்றான்.

திருநெல்வேலியில் பதினொரு வருடமாக நான் மாத்திரை வாங்கும் கடை அது. நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. இருந்தும் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் வாங்கினேன். தமிழாசிரியனாக இருபத்தாறு வருடம் ஒரே ஊரில் வேலை பார்த்தவன் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என்னிடம் படித்த ஒரு பையன் கல்லாவில் இருப்பான். "என்ன சார் உடம்புக்கு?" என்று அன்பாகத்தான் கேட்பான். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வந்தது மனச்சோர்வு. துக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். துக்கமாக இருந்திருந்தால் அழுதாவது இருப்பேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பச் சட்டை போட உட்காருவேன். மூன்றாவது பொத்தானில் கை நின்றுவிடும். நான்காவது பொத்தானுக்குப் போக வேண்டும் என்று தெரியும், கை போகாது. என் மனைவி வந்து மீதியைப் போட்டுவிடுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

முதலில் இரண்டு புது மருந்துகளைப் பார்த்தாயிற்று. ஒன்று உட்காரவிடாமல் அலைக்கழித்தது. இன்னொன்றை 8 வாரம் சாப்பிட்டும் பலனில்லை. மூன்றாவதாக மருத்துவர் யோசித்து எழுதியது இந்தப் பழைய மருந்து. வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று முன்கூட்டியே சொன்னார். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல 75க்கு ஏற்றினார். நாலாவது வாரத்தில் ஒருநாள் காலை, சட்டையை முழுதாகப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

ஒரு சொல்லின் வேர் தெரியாமல் பாடம் நடத்த எனக்குப் பிடிக்காது. அந்தப் பழக்கத்தில் இந்த மாத்திரையின் வேரையும் தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் இருந்தார். கெய்கி கம்பெனி அவருக்கு ஜி 22355 என்று எண் மட்டும் இட்ட ஒரு மருந்தை அனுப்பியது. மனச்சிதைவுக்கு உதவுமா என்று பார்த்தார்கள், உதவவில்லை. 1956 ஜனவரியில் கடும் மனச்சோர்வில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார் கூன். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண்ணிடம் மாற்றம் தெரிந்தது. அடுத்த வருடம் சூரிச் நகரில் நடந்த உலக மனநல மாநாட்டில் கூன் இதைப் பற்றிப் பேசியபோது கேட்க வந்தவர்கள் ஒரு டஜன் பேர்தான் என்கிறார்கள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் மனதுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மருத்துவமனையில் பல ஆண்டுகளாக, நோயாளிகளிடம் முறையாகச் சம்மதம் கேட்காமலே பல மருந்துகளைச் சோதித்திருக்கிறார்கள் என்று 2019இல் வரலாற்றாய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நான் இரவில் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால், வேண்டும் வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு கடையில் அதன் பெயரைத் தணிந்த குரலில் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தியது.

அன்றைக்குத் திருநெல்வேலியில் ஏழு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடைகளில் அமிட்ரிப்டிலினை எடுத்து வைத்தார்கள். "ரெண்டும் ஒரே குடும்பந்தான் சார்." ஒரே குடும்பம்தான். அதற்காக அண்ணனுக்குப் பதில் தம்பியை அனுப்ப முடியுமா? உலக சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாகப் போட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அமிட்ரிப்டிலின் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும்கூடச் சின்ன அளவில் எழுதுகிறார்கள். அதனால் அது கடையில் ஓடுகிறது. என் மருந்துக்கு அந்த ஓட்டம் இல்லை. எழுதும் மருத்துவர்கள் குறைவு, விலை மலிவு, ஒரு பெட்டி விற்றால் கடைக்காரருக்கு நிற்பது சில்லறை. விற்காமல் எக்ஸ்பயரி ஆனால் தலைவலி அவருக்கு. யாரும் திட்டமிட்டு இதை நிறுத்தவில்லை. கேட்பாரில்லாத சரக்கு மெல்ல அலமாரியை விட்டு இறங்கிவிடுகிறது. என்னைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் ஊர் மாறிப் போய் ஒளித்து வாங்கியதும் இதில் ஒரு காரணம் என்று எனக்குப் பிறகுதான் பட்டது.

கையிருப்பு தீர்ந்து நாலு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தேன். அது நான் செய்த தவறு. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் வருவது போல உடம்பு முறுக்கியது, வேர்த்துக் கொட்டியது. புளி கொதிக்கும் வாசனைக்கே குமட்டியது. மூன்றாம் நாள் இரவு தூக்கம் இல்லை. விடிகாலையில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கனவுகள் வெட்டவெளிச்சமாக வந்தன. இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது ஒரு சந்தேகம்: பழையது திரும்பி வந்துவிட்டதா? நாலாம் நாள் காலை சட்டையை எடுக்கவே பயமாக இருந்தது. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பொத்தான்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அன்றே மருத்துவரிடம் போனேன். "மாத்திரையத் திடீர்னு நிறுத்துனா உடம்பு பண்ற ரகளை இது. நோய் திரும்புறதுன்னா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல வராது, வாரக்கணக்குல மெதுவாத்தான் வரும்" என்றார். பதினொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக உதவியான வாக்கியம் அது. மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தால் தீரும்வரை காத்திருக்காமல் பத்து நாள் முன்பே சொல்ல வேண்டும் என்றார். 75 கிடைக்காவிட்டால் 25இல் மூன்று போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டிலேயே குறித்தார். கம்பெனிப் பெயர் எழுதாமல் மருந்தின் பெயரையே பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். கம்பெனிப் பெயரோடு போனால் அந்தக் கம்பெனி இல்லையென்றதும் கடையில் பேச்சு முடிந்துவிடுகிறது. மருந்தின் பெயரோடு போனால் வேறு கம்பெனி தேட வழியுண்டு.

வேறு மருந்துக்கு மாறலாமா என்றும் அவரே கேட்டார். மாறலாம். இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், புதியதைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், அது வேலை செய்யத் தொடங்க இன்னும் சில வாரம். அந்த வாரங்களில் நான் வகுப்புக்குப் போக வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் சிரித்துப் பேச வேண்டும். மருந்து கிடைக்கவே கிடைக்காது என்றால் அதையும் செய்துதான் ஆக வேண்டும். முதலில் ஊர் முழுக்கக் கேட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

மூன்று மாதத்துக்கு மொத்தமாக எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. இந்த வகை மாத்திரை அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். மனச்சோர்வு உள்ளவன் வீட்டில் அதைக் குவித்து வைப்பதில் ஆபத்து இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் என் பழைய நாட்கள் சிலவற்றை நினைத்துப் பார்த்தேன், கோபம் போய்விட்டது. ஒரு மாதமும் அதற்குமேல் பதினைந்து நாளும் என்று முடிவானது. உபரி அட்டைகள் பீரோவில் இருக்கின்றன. சாவி மனைவியின் இடுப்பில். அதை வாங்கி வைத்துக்கொள் என்று நானேதான் அவளிடம் சொன்னேன்.

பிறகு கோவில்பட்டியிலேயே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் மாணவன் நடத்தும் கடைக்குப் போனேன். மாலை நேரம், கடை முன்னால் ஐந்தாறு பேர். சீட்டை நீட்டினால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன். "இமிப்பிரமின் 75. மனச்சோர்வுக்குச் சாப்பிடுறேன்ப்பா. எங்கயும் கிடைக்க மாட்டேங்குது. வரவழைச்சுத் தர முடியுமா?" பக்கத்தில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாசம் எத்தனை அட்டை சார்?"

"மூணு."

"மதுரைல ஒரு ஏஜென்சி இருக்கு, கேட்டுப் பாக்கேன். பெட்டியாத்தான் குடுப்பான், பத்து அட்டை. நீங்க தவறாம வாங்குனீங்கன்னா எடுத்துருவேன்." கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய நோட்டை எடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி எழுதினான்: தமிழ் சார், இமிப்பிரமின் 75, 3 அட்டை. பள்ளியில் படித்தபோது ளகரத்தையும் ழகரத்தையும் மாற்றி மாற்றி எழுதியவன். இப்போது 'தமிழ்' சரியாக இருந்தது. அழிக்கச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. அடுத்த மாதம் போனபோது பெட்டியில் ஏழு அட்டை இருக்க வேண்டும், நான்குதான் இருந்தது. நோட்டில் என் பெயருக்குக் கீழே இன்னொரு வரி. அதே மருந்து, அதே 3 அட்டை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும்.

"இவங்களும் திருநவேலிலதான் வாங்கிட்டு இருந்தாங்களாம் சார்" என்றான். யாரென்று நான் கேட்கவில்லை. என்னுடைய மூன்றை எடுத்துக்கொண்டேன். மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது, அவர்களுக்குப் பத்தாமல் போய்விடக் கூடாது, இந்த வாரமே அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடு என்றேன். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான்.