வெள்ளை அட்டை, பச்சை அட்டை

பங்குதாரர் என்ற சொல்லுக்குப் பக்கத்து வீட்டுச் சொல் பங்காளி. சொத்தில் அவனுக்குப் பாகம் உண்டு. அந்த வீட்டில் சாவு விழுந்தால் தீட்டும் உண்டு. இந்த இரண்டு சொற்களும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை எனக்கு உணர்த்தியது, கம்ப்யூட்டர் நிறுவனங்களான ஹியூலெட் பேக்கார்டும் (எச்.பி.) காம்பேக்கும் இணைவதற்காகக் காத்திருந்த எட்டு மாதங்களின் கதை.

காம்பேக்கை எச்.பி. வாங்குகிறது என்று 2001 செப்டம்பர் 3 இரவு அறிவிப்பு வந்தது. மதிப்பு சுமார் 2,500 கோடி டாலர். ரொக்கம் கிடையாது, ஒரு காம்பேக் பங்குக்கு 0.6325 எச்.பி. பங்கு. மறுநாள் மாலைக்குள் எச்.பி. பங்கின் விலையில் கிட்டத்தட்ட 19 சதவீதம் போய்விட்டது. வாங்கப்படும் நிறுவனத்தின் விலை ஏறுவதுதான் வழக்கம். காம்பேக்கும் சேர்ந்தே இறங்கியது.

அந்த 0.6325-இல் கொஞ்சம் நிற்க வேண்டும். இணைப்பு நடந்தே தீரும் என்று எல்லோரும் நம்பியிருந்தால், எச்.பி. விலையை இந்த எண்ணால் பெருக்கி வரும் தொகையை ஒட்டியே காம்பேக்கின் விலை நின்றிருக்கும். நிற்கவில்லை; கீழே கிடந்தது. நடக்குமோ நடக்காதோ என்ற சந்தேகத்தின் அன்றாட விலை அந்த இடைவெளி. அதையும் வாங்கி விற்றுப் பிழைப்பவர்கள் உண்டு. விற்கவும் மனமில்லாமல், நம்பவும் துணியாமல் இருந்தவர்களின் கலக்கத்தைத்தான் எந்த விலைப் பட்டியலும் காட்டவில்லை.

இயக்குநர் குழுவில் இணைப்புக்குச் சம்மதித்தவர்களில் நிறுவனர் பில் ஹியூலெட்டின் மகன் வால்டரும் ஒருவர். நவம்பரில் அவரே எதிர்க்கிறேன் என்று வெளியே வந்தார். நல்ல லாபம் தரும் பிரிண்டர் தொழிலில் எச்.பி. பங்குதாரரின் பாகம் சுருங்கி, லாபம் மெலிந்த கம்ப்யூட்டர் தொழிலில் பெருகிவிடும் என்பது அவர் கணக்கு. தலைமை நிர்வாகி கார்லி ஃபியோரினாவின் கணக்கு வேறு: ஆண்டுக்கு 250 கோடி டாலர் செலவு மிச்சமாகும். இரண்டையும் நேர்மையான கணக்காகவே நான் பார்க்கிறேன். சொன்ன வார்த்தையை மாற்றிக்கொண்டார் என்று வால்டரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பங்காளிக்குத் தூக்கம் வராத இரவுகள் உண்டு.

பங்குதாரர்களின் வீடுகளுக்கு வாக்கு அட்டைகள் வந்தன. நிர்வாகம் அனுப்பியது வெள்ளை. வால்டர் அனுப்பியது பச்சை. ஒரு முறை போட்டதோடு முடிவதில்லை. மனம் மாறினால் வேறொன்றில் கையெழுத்திட்டு அனுப்பலாம். கடைசித் தேதி போட்ட அட்டைதான் செல்லும்.

நான் நினைத்துப் பார்ப்பது, எச்.பி.யில் வேலை பார்த்துக்கொண்டே அதன் பங்கையும் சேர்த்து வைத்திருந்த ஒருவரை. இணைப்பால் 15,000 வேலைகள் போகும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமாகும் என்ற அந்த 250 கோடிக்குள் அவருடைய சம்பளமும் இருக்கலாம். அது மிச்சமானால் அவர் கையிலுள்ள பங்கின் விலை ஏறலாம். சாப்பாட்டு மேசையில் இரண்டு அட்டைகளையும் வைத்துக்கொண்டு எந்தக் கையால் கையெழுத்திடுவார்? லாபக் கணக்குப் போடுகிற கையா, காலையில் மேசைக்கு எதிரே உட்காரும் நண்பரோடு குலுக்குகிற கையா? முதலீட்டாளர் பதற்றம் என்று இரண்டே வார்த்தையில் செய்தியில் படித்துவிடுகிறோம். அதற்குள் இப்படி ஒருவர் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். விற்றுவிட்டுப் போனவருக்கு இந்த அவஸ்தை இல்லை. தன்னுடையது என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கே இது வரும். அவர் உரிமைக்கு இதைவிடப் பெரிய பத்திரம் எனக்குத் தெரியவில்லை.

2002 மார்ச் 19-இல் வாக்கெடுப்பு. ஆதரவாகச் சுமார் 83.8 கோடி வாக்குகள், எதிராக 79.3 கோடி. மே 3-இல் இணைப்பு முடிந்தது. எண்ணியவர்கள் ஒவ்வொருவரின் கடைசி அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் போட்டவை, வெள்ளையும் பச்சையுமாக, கணக்கில் சேராமல் தனியே கிடந்தன.