விட்டுக்கொடுத்தலும் நடுவுநிலைமையும்

நியாயத்தலங்களிலே நிகழும் வழக்குகளுக்கு நீதிபதிகளும் நியாயவாதிகளும் எழுதிவைத்த சட்டங்களும் உண்டு. இரண்டு பெண்குழந்தைகள் வளர்கின்ற இல்லத்திலே நிகழும் வழக்குகளுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. முதலிற் பின்னல் பின்னுவது யாருக்கு, சாமியறை விளக்கிற்கு எண்ணெய் விடுபவள் யார், பஸ் வண்டியில் யன்னலோரத்தில் இருப்பவள் யார், இரவில் தாயின் பக்கத்தில் உறங்குபவள் யார் என்று விடியற்காலந் தொடங்கி விளக்கணைக்கும் வரையில் வழக்குகள் ஓய்வதில்லை. அங்கே நியாயாசனத்தில் இருப்பவள் உலை கொதிக்கும் அடுப்பின் முன் நிற்கும் தாய். அன்றேல் உத்தியோகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் நிற்கும் தந்தை. சாட்சி விசாரணைக்கு அவகாசமில்லை. ஆதலின் வழக்கு யாதாயினும் தீர்ப்புப் பெரும்பாலும் ஒன்றாகவே முடிகின்றது: "நீ மூத்தபிள்ளையல்லோ, தங்கச்சிக்கு விட்டுக்கொடு."

இத்தீர்ப்பு நீதியாகுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். சிறுபிள்ளைகளின் சச்சரவுக்கு ஒரு கட்டுரையும் வேண்டுமோ எனின், வேண்டும் என்போம். நீதி இன்னது அநீதி இன்னது என்னும் உணர்ச்சி நீதிநூல் ஓதிய பின்னரே ஒருவருக்கு உண்டாவதன்று. பனங்கட்டித் துண்டு தனக்குச் சிறியதாகவும் மற்றவளுக்குப் பெரியதாகவும் கிடைத்த அன்றே அது உண்டாகிவிடுகின்றது. பெண்மக்களிருவரை எடுத்துக்கொண்டதற்கும் காரணமுண்டு. ஆணும் பெண்ணுமாக இருவர் இருப்பின், ஆண்பிள்ளை என்னும் சலுகை இடையிற் புகுந்து வழக்கைக் கலக்கிவிடும். (திருக்குறளில் மக்களைப் பற்றிய அதிகாரத்துக்கு உரைகண்ட பரிமேலழகரே, அங்கே 'மக்கள்' என்னும் பெயர் பெண்ணை ஒழித்து நின்றதென்று கொண்டார். அவ்வுரையை வகுப்பிற் சொல்ல நேரும் உபாத்தியாயர், முன்வரிசையிலிருக்கும் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பாராமலே சொல்லவேண்டியிருக்கும்.) இருவரும் பெண்களாயின், எஞ்சி நிற்பது மூப்பும் இளமையும் என்னும் வேற்றுமை ஒன்றே.

மூத்தவளுக்கு வயது ஏழு, இளையவளுக்கு வயது நான்கு என்று வைத்துக்கொள்வோம். மூத்தவளுக்கு அவள் மாமன் ஒரு பாவை கொடுத்திருக்கின்றார். இளையவள் அதைக் கேட்கின்றாள்; அக்கா மறுக்கின்றாள்; இளையவள் நிலத்திற் புரண்டு அழுகின்றாள். தாய் வந்து மூத்தவளின் கையிலிருந்து பாவையை வாங்கி இளையவளிடம் கொடுத்து, "நீ நல்லபிள்ளை" என்று மூத்தவளின் தலையைத் தடவிவிட்டுச் செல்கின்றாள். அழுகை நின்றது, வீடு அமைதியாயிற்று. ஆயின் அங்கே தீர்க்கப்பட்ட வினா யாது? பாவை யாருடையது என்பதன்று. யாருக்கு அது வேண்டும் என்பதுமன்று. யார் உரக்க அழுதாள் என்பதே தீர்க்கப்பட்டது. மறுநாள் வழக்கில் இளையவள் வாதம் செய்யமாட்டாள், தொடக்கத்திலேயே அழுவாள். அவளை நாம் பிடிவாதக்காரி என்போம். அவளோ நாம் கற்பித்ததைச் செவ்வையாகக் கற்ற மாணாக்கி.

மூத்தவள் கற்றது யாது? விட்டுக்கொடுத்தல் என்னும் நற்குணத்தைக் கற்றாள் என்று பெற்றோர் மகிழ்வர். இவ்விடத்திலேதான் நாம் சிறிது நின்று ஆலோசிக்கவேண்டும். கொடுப்பதற்கு ஒரு பொருள் தன்னுடையதாயிருத்தல் வேண்டும். கொடாமலிருப்பதற்கும் இடமிருத்தல் வேண்டும். இவ்விரண்டுமில்லாத இடத்தில் நிகழ்வது கொடையன்று. அரசிறை செலுத்துபவனை ஈகையாளன் என்று எவருஞ் சொல்லார். மூத்தவளிடம் நாம் வாங்கியது அவ்வகையான ஓர் இறையே. அதனை வாங்கிக்கொண்டு, கொடையாளி என்னும் பட்டத்தையும் அவளுக்குச் சூட்டுகின்றோம். ஏழு வயதுப் பிள்ளை இவ்வேறுபாட்டைச் சொல்லால் விளக்க அறியாள். எனினும் அவள் மனம் அறியும்.

திலகவதியாரின் சரித்திரத்தை இத்தொடர்பில் நினைவுகூரலாம். திருவாமூரிலே தாய் தந்தையரையும், தமக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரையும் இழந்து, உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியாராகிய மருணீக்கியார் உளராக வேண்டும் என்னும் கருணையினாலே உயிர் தாங்கி நின்றனர். தமக்கையொருத்தி தனக்குப் பின் பிறந்தவர்பொருட்டுச் செய்த தியாகங்களுள் இதனினும் பெரியது சொல்லுதல் அரிது. நம் வீடுகளிலும் மூத்த பெண்மக்களுக்கு இச்சரித்திரத்தை எடுத்துக் காட்டுவதுண்டு. காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தம்பியார் அழுது வேண்டினார் என்பது உண்மை. 'நீ மூத்தவள், ஆதலால் இருந்தே தீரவேண்டும்' என்று கட்டளையிட்டவர் அங்கே ஒருவருமில்லை. முடிவு அம்மையாருடையது. பிறர் கட்டளைக்கு அடங்கி அவர் இருந்திருப்பாராயின், அச்சரித்திரம் வேறாக முடிந்திருக்கும்.

மேனாட்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இதனைச் சிறுபிள்ளைகளிடத்திலே சோதித்தும் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவிலே கோர்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த செர்னியாக், குஷ்னிர் என்னும் இருவர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. பாடசாலைப் பருவமெய்தாத பிள்ளைகளுக்குத் துயருற்றிருக்கும் ஒரு பொம்மையைக் காட்டி, அவர்கள் கையில் ஓர் ஒட்டுப்படத்தையுங் கொடுத்தனர். சில பிள்ளைகளிடம், 'நீ வைத்துக்கொள்ளலாம், அல்லது இதற்குக் கொடுக்கலாம்' என்று தெரிவை விட்டனர். வேறு சிலரிடம், 'கொடுத்தேயாக வேண்டும்' என்றனர். பின்னர் எல்லாருக்கும் மும்மூன்று படங்கள் கொடுத்து, இன்னொரு பொம்மையைக் காட்டி, எவ்வளவு கொடுக்கின்றனர் என்று பார்த்தனர். தாமாகத் தெரிந்து கொடுத்த பிள்ளைகளே பின்னரும் மிகுதியாகக் கொடுத்தனர். வற்புறுத்திக் கொடுப்பிக்கப்பட்டோரிடம் அவ்வளவு ஈகை காணப்படவில்லை.

ஈண்டுச் சிலர் ஆசங்கிப்பர்: 'நன்று, அங்ஙனமாயின் ஒன்றுமறியாத இளங்குழந்தை அழுதுகொண்டே இருக்கவோ? அறிவு முதிர்ந்தவர் முதிராதவருக்காகப் பொறுத்தல் உலகத்தியற்கையன்றோ?' என்று.

பொறுத்தல் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கைக்குழந்தை பாலுக்கு அழும்பொழுது மூத்தவளின் பின்னல் பாதியில் நிற்கத்தான் வேண்டும். இளையவள் காய்ச்சலாய்க் கிடக்கும் இரவில் தாயின் பக்கம் அவளுக்கே உரியது. இவற்றை மூத்தவளும் ஒப்புக்கொள்வாள். காரணத்தைச் சொன்னால் நம்மினும் விரைவாக ஒப்புக்கொள்வாள். ஏனெனில், இங்கே காரணம் பசியும் பிணியும். தனக்குக் காய்ச்சல் வரும் இரவில் அவ்விடம் தனக்குக் கிடைக்கும் என்று அவள் அறிவாள். 'நீ மூத்தவள்' என்னும் காரணமோ அத்தகையதன்று. பசி தீரும், நோய் மாறும், மூப்பு மாறுவதில்லை. ஏழு வயதில் மூன்றாண்டு மூத்தவள் எழுபது வயதிலும் மூன்றாண்டு மூத்தவளே. அவளுடைய முறை வருகின்ற நாள் ஒன்று அந்தக் காரணத்துக்குள் இல்லை. ஒரு பிள்ளையை எந்நாளும் ஒரு பக்கத்திலேயே நிறுத்தும் விதியை, அது எவ்வளவு மெல்லிய குரலிற் சொல்லப்படினும், நடுவுநிலைமை என்று கொள்ளல் அரிது.

அன்றியும், மூத்தவள் என்னும் பெயர் கடமைக்கு மாத்திரம் வழங்குகின்றதா, உரிமைக்கும் வழங்குகின்றதா என்று ஒவ்வொரு வீட்டாரும் பார்த்துக்கொள்ளலாம். தங்கையைக் கைப்பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டிச்செல்வது மூத்தவள். தண்ணீர்ப்போத்தல் உடைந்தால் 'பார்த்துக்கொள்ளாததற்கு' ஏச்சுக் கேட்பவளும் அவளே. ஆயின் இரவில் அரைமணி நேரம் பிந்தி உறங்கவும், தன் புத்தகப் பெட்டியைப் பிறர் தொடாதிருக்கவும் அவளுக்கு இடமுண்டா? இல்லையெனின், அவளை நாம் இளையவளாகவும் மூத்தவளாகவும் நமக்கு வசதியானபடியெல்லாம் வைத்துக்கொள்கின்றோம்.

எல்லாவற்றையுஞ் சரிபாதியாக்கிவிட்டால் வழக்குத் தீருமோ எனின், அதுவும் முழுமையாகத் தீராது. 2012ஆம் ஆண்டில் ஷா, ஓல்சன் என்னும் ஆராய்ச்சியாளர் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம், இருவருக்கு ஐந்து அழிறப்பர்களைப் பங்கிடும்படி கேட்டனர். தலைக்கு இரண்டு போக எஞ்சிய ஒன்றை ஒருவனுக்குக் கொடுப்பதிலும் குப்பையில் எறிந்துவிடுதலே நன்று என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஒருவன் மிகுதியாக வேலை செய்தான் என்று சொன்னபொழுதோ, அவனுக்கே கொடுக்கலாம் என்றனர். ஆகவே சரிபாதியில் அவர்களுக்குள்ள பிடிப்பு வலியதாயினும், காரணங் கண்டவிடத்தில் இளகுகின்றது. சுவிற்சர்லாந்து தேசத்தவரான பியாஜே 1932ஆம் ஆண்டிலேயே, பெரியோர் சொல்லே நீதி என்றிருக்கும் குழந்தை, பின் சமபங்கே நீதி என்று நின்று, அதன்பின் அவரவர் நிலைமையை நோக்கும் நீதிக்கு வருகின்றது என்று எழுதினார். நாலு வயதும் ஏழு வயதுமான இருவர் ஒரு வீட்டில் இருக்கும்பொழுது, ஒரே தீர்ப்பை இருவரும் இருவகையாக விளங்கிக்கொள்வது இதனாலேயே. கதலிப்பழத்தை ஒருத்தி வெட்ட, மற்றவள் முதலில் எடுக்கட்டும் என்பது சில வீடுகளில் வழங்கும் நல்ல ஏற்பாடு. பங்கிட முடியாதனவற்றுக்கு முறை வைத்தலே வழி. இன்று திங்கட்கிழமை, யன்னலோரம் அக்காவுக்கு என்றால், நாலு வயதுப் பிள்ளையும் செவ்வாய்க்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கும்.

பங்கிடப்படாத பழத்தின் கதையை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அதனை வகுப்பிற் சொல்லும்பொழுது, 'ஏன் பழத்தை வெட்டிக் கொடுக்கவில்லை?' என்று ஒரு பிள்ளையாவது கேளாதிருப்பதில்லை. அக்கதையிலே நம் விஷயத்துக்கு வேண்டியவை இரண்டு உள. மூத்தவர் என்பதனால் விநாயகருக்கு மறுக்கப்படவுமில்லை. இளையவர் என்பதனால் முருகனுக்கு அளிக்கப்படவுமில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு நிபந்தனை வைக்கப்பட்டது. அங்ஙனமிருந்தும் இளையவர் கோபித்துச் சென்றார். அவரைத் தேற்றுதற்குத் தாய் தந்தையர் பின்சென்றனர் என்று பழனியைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை கூறும். தீர்ப்பு நேரிதாயினும் ஒரு பிள்ளையின் மனம் நோகும். நோகுமென்று அஞ்சித் தீர்ப்பை வளைக்கவும் வேண்டியதில்லை. நொந்த பிள்ளையைத் தனியே விடவும் வேண்டியதில்லை. மடியில் இருத்தி அழவிடலாம். பாவை அக்காவிடமே இருக்கட்டும்.

இனி, உபாத்தியாயர்களுக்கு இதில் என்னவெனின், வீட்டில் நடந்தவற்றின் பயன் முதலில் வெளிப்படும் இடம் வகுப்பறை. கேட்டவர்க்கெல்லாம் பென்சிலைக் கொடுத்துவிட்டுத் தான் எழுதாமல் இருக்கும் ஒரு பெண்பிள்ளை அநேகமாக எல்லா வகுப்பிலும் இருப்பாள். அவளால் நமக்குத் தொந்தரவில்லை. அறிக்கையில் 'நற்குணமுடையவள்' என்று எழுதிவிடுகின்றோம். அவள் மனமுவந்து கொடுக்கின்றாளா, மறுக்கத் தெரியாமற் கொடுக்கின்றாளா என்று ஒருமுறை விசாரித்தறிதல் வேண்டும். மறுக்கத் தெரியாதவள் வளர்ந்து இல்லறம் புகும்பொழுது, அவளிடமிருந்து எதுவும் எடுக்கப்படலாம்; எடுப்பவர் அதற்கும் பொறுமை என்றே பெயரிடுவர்.

இளையவளுக்கு நாம் செய்யும் தீங்கு வேறொன்று. அக்காவின் பழைய சட்டையையும் அக்காவின் பழைய புத்தகத்தையும் கொண்டு வருபவளை, அக்காவின் பெயரால் வரவேற்கின்றோம். 'உன் அக்கா இப்படியா எழுதினாள்?' என்று கேளாத உபாத்தியாயர் சிலரே. திருநாட்டியத்தான்குடியிலே கோட்புலி நாயனார் தம் மகளார் சிங்கடியாரையும் அவர் தங்கையார் வனப்பகையாரையும் சுந்தரமூர்த்தி நாயனாருக்கு அளிக்க, அவர் இருவரையும் தம் மக்களாகவே ஏற்றுக்கொண்டனர். பின் தாம் பாடிய பதிகங்களின் முடிவிலே, சிலவற்றில் சிங்கடிக்குத் தந்தை என்றும், சிலவற்றில் வனப்பகைக்குத் தந்தை என்றும் தம்மைச் சொல்லிக்கொண்டனர். இளையவளுக்கும் அவள் பெயராலேயே தந்தையாயினார். வரவிடாப்பில் இரண்டாவது பிள்ளையின் பெயரை வாசிக்கும்பொழுது அதனை நினைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலே வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லுதல் நெடுங்கால வழக்கு. ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் சீதனத்தின் முறை சொல்லப்பட்டிருக்கின்றது. வீடு ஒன்று, பெண்மக்கள் இருவர் எனின், பாவையின் வழக்கு இருபது ஆண்டு கழித்து உறுதிப்பத்திரத்தோடு திரும்பி வரும். அன்று யார் அழுதாள், யார் பேசாதிருந்தாள் என்பதைக் கொண்டு பழைய பழக்கத்தின்படியே தீர்க்க முயலும் பெற்றோர் பலர்.

மூத்தவள் சில வேளைகளில் தானாகவே கொடுப்பாள். அவளை ஒரு வாரம் வற்புறுத்தாது விட்டுப் பார்த்தோர் இதனை அறிவர். பாவை தன்னுடையதே, கேட்டு வாங்க ஒருவரும் வரப்போவதில்லை என்னும் நிச்சயம் வந்தபின், மழைபெய்யும் ஒரு பிற்பகலில் விறாந்தையிலே இருந்துகொண்டு, "இந்தா, கொஞ்சநேரம் வைத்திரு" என்று நீட்டுவாள். அப்பொழுது தாய் இடையிற் சென்று புகழவேண்டியதில்லை. வாங்கிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. இளையவள் அதை அக்காவின் கையிலிருந்தே வாங்கட்டும். கொஞ்சநேரம் எவ்வளவென்பதையும் அவர்களே பேசிக்கொள்ளட்டும்.